பெல்வில் சகோதரிகளும் சில்வான் ஷோமேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு அனிமேஷன் இயக்குநர் சில்வான் ஷோமே 2003-இல் எடுத்த 'த ட்ரிப்லெட்ஸ் ஆஃப் பெல்வில்' படத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும் சில நாளில் அதே சந்தேகங்கள் திரும்பி வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல் என்று பட்டது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். முடிவை உடைக்கும் இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் படத்துக்கு ரெண்டு மூணு பேரு சொல்றாங்களே, எல்லாம் ஒரே படம்தானா?

ஒரே படம்தான். பிரெஞ்சில் 'லே த்ரிப்லெத் த பெல்வில்', அமெரிக்காவில் 'த ட்ரிப்லெட்ஸ் ஆஃப் பெல்வில்', பிரிட்டனில் 'பெல்வில் ராந்தேவூ'. கடைசிப் பெயர் படத்தில் வரும் பாட்டின் பெயர். பிரான்ஸ், பெல்ஜியம், கனடா, பிரிட்டன் என்று நான்கு நாடுகளின் பணத்தில் உருவான கூட்டுத் தயாரிப்பு இது. ஓடும் நேரம் ஏறக்குறைய 80 நிமிடம்.

வசனமே கிடையாதாமே? அப்போ கதை எப்படிப் புரியும்?

அறவே இல்லை என்று சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் யாரோ பேசுவார்கள், பந்தய வர்ணனை கேட்கும், பாட்டு உண்டு. ஆனால் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசும் காட்சி என்று தேடினால் கிடைக்காது. பிரெஞ்சு தெரியாததால் எதையும் இழக்கப் போவதில்லை. வசன வரிகள் இல்லாத பிரதி கிடைத்தாலும் தாராளமாகப் பார்க்கலாம். பேச்சில்லாமல் கதை சொன்ன 'பேசும் படம்' நம்மவர்களுக்குப் பழக்கம்தானே.

கதையை நகர்த்துவது ஒலியும் பொருள்களும். பாட்டியின் விசில், தடித்த அடி வைத்த அவளுடைய ஒற்றைச் செருப்பின் 'டொக்', சைக்கிள் சக்கரம், நாய்க்குப் பிடிக்காத ரயில். முதல் கால் மணி நேரத்தில் கண்ணில் படும் பொருள்களைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஷோமே எதையும் சும்மா காட்டுகிறவர் இல்லை.

கதையைச் சுருக்கமா, சஸ்பென்ஸ் உடைக்காம சொல்ல முடியுமா?

மதாம் சூசா போர்ச்சுகலிலிருந்து வந்து பிரான்சில் வாழும் பாட்டி. அவளிடம் வளரும் பேரன் பெயர் சாம்பியன். பையனுக்கு எதிலும் பிடிப்பில்லை. பியானோ வாசித்துப் பார்க்கிறாள், ப்ரூனோ என்று ஒரு நாய்க்குட்டி வாங்கித் தருகிறாள், பயன் கொஞ்சம்தான். கடைசியில் அவன் ஒளித்துவைத்திருக்கும் சைக்கிள் படங்களைக் கண்டுபிடித்து மூன்று சக்கர சைக்கிள் வாங்கித் தருகிறாள். ஆண்டுகள் ஓடுகின்றன. பேரன் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஓட்டும் அளவுக்கு வந்துவிடுகிறான்.

பந்தயத்தின் நடுவே கறுப்புக் கோட்டு போட்ட ஆட்கள் அவனைக் கடத்திக் கப்பலில் ஏற்றுகிறார்கள். பாட்டி சில்லறைக் காசுக்கு ஒரு மிதிபடகை வாடகைக்கு எடுத்து, நாயோடு அந்தக் கப்பலைப் பின்தொடர்ந்து கடலையே கடக்கிறாள். போய்ச் சேரும் பெருநகரம்தான் பெல்வில். அங்கே ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த, இப்போது வயதாகிப்போன மூன்று பாடகிச் சகோதரிகளைச் சந்திக்கிறாள்.

கார்ட்டூன் படம்தானே, பிள்ளைங்களோட பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அமெரிக்கத் தணிக்கை இதற்குப் பி.ஜி.-13 (பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனிக்கவும்) தந்தது, அந்தச் சான்றிதழோடு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் படம் இது. ஓர் ஆளைச் சுட்டுத் தள்ளும் காட்சி உண்டு, தொடக்கத்தில் மார்பு திறந்த நடனக்காரியின் கேலிச்சித்திரம் உண்டு, சகோதரிகளின் தவளைச் சாப்பாடு உண்டு. சதுப்பு நிலத்தில் கையெறி குண்டு வீசித் தவளை பிடித்து, சூப்பாக, குச்சியில் குத்திய மிட்டாயாக, விதவிதமாகத் தின்பார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இது கொண்டாட்டமாகவே இருக்கும்.

யார் இந்த ஷோமே? வேற என்ன பண்ணியிருக்கார்?

1963-இல் பாரிஸுக்கு அருகே பிறந்தவர். காமிக்ஸுக்குப் பேர்போன அங்குலேம் நகரில் படித்தார். லண்டனில் அனிமேஷன் தொழிலாளியாக வேலை பார்த்தார். 1990-களில் கனடாவின் மாண்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்தார். காமிக்ஸுக்குக் கதையும் எழுதியிருக்கிறார். ஓவியர் நிகோலா த க்ரேசியோடு சேர்ந்து செய்த 'லியோன் லா காம்' வரிசை பிரெஞ்சு வாசகர்களிடையே நல்ல பெயர் பெற்றது.

அவரை உலகுக்குக் காட்டியது 'கிழவியும் புறாக்களும்' என்ற குறும்படம். பட்டினி கிடக்கும் பாரிஸ் போலீஸ்காரன், பூங்காவில் புறாக்களுக்கு ஒரு பாட்டி தீனி போடுவதைப் பார்த்துவிட்டு, தானும் புறா வேஷம் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான். அதற்குமேல் சொன்னால் பாவம். 1997-இல் அன்னெசி அனிமேஷன் விழாவின் பெரும் பரிசு, பிரிட்டனின் பாஃப்டா, ஆஸ்கர் பரிந்துரை எல்லாம் அந்தச் சிறு படத்துக்கு வந்தன. அதைத் தயாரித்த திதியே ப்ரூனேர்தான் பெல்வில் படத்துக்கும் தயாரிப்பாளர். கிழவிகளை நாயகியாக வைப்பதில் ஷோமேக்கு அப்போதே ஒரு பிடிவாதம் இருந்திருக்கிறது.

ஆரம்பத்துல வர்ற கறுப்பு வெள்ளைக் காட்சி வேற படம் மாதிரி இருக்கே?

வேறு காலத்துப் படம் மாதிரி இருக்கவேண்டும் என்றுதான் அப்படி வரைந்திருக்கிறார்கள். 1930-களில் அமெரிக்காவில் ஃப்ளைஷர் சகோதரர்கள் எடுத்த கார்ட்டூன்களின் பாணி அது. கை கால்களில் மூட்டே இருக்காது, எல்லாம் ரப்பர் குழாய் போல வளையும், படச்சுருளில் கீறல் ஓடும். சகோதரிகள் மூவரும் இளமையில் மேடையில் பாடிய நாள் அது. சூசா பாட்டியும் பேரனும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பது அந்த நிகழ்ச்சியைத்தான்.

கூடவே உண்மையான கலைஞர்களின் கேலிச்சித்திரங்கள் வந்து போகும். காலால் கித்தார் வாசிப்பவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் அவருடைய வண்டி வீடு தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மிச்சமிருந்த விரல்களை வைத்தே ஐரோப்பிய ஜாஸின் பெரிய கித்தார் கலைஞரானவர். ஆடிக்கொண்டிருக்கும்போதே தன் சப்பாத்துகளால் விழுங்கப்படுபவர் ஃபிரெட் அஸ்டேர். வாழைப்பழப் பாவாடையில் ஆடுபவர் ஜோசஃபின் பேக்கர். 1926-இல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் அவர் ஆடிய நடனத்தின் நினைவு.

பேக்கர் வரும் இடம் எனக்கு உறுத்தல்தான். பார்வையாளர் கூட்டத்துக் கனவான்கள் குரங்குகளாக மாறிப் பழங்களைப் பறிக்கப் பாய்கிறார்கள். கேலி அந்த ஆண்கள் மேல்தான் என்று வாதாடலாம். இருந்தும் கறுப்பினக் கலைஞரை 1930-களின் கேலிச்சித்திரம் வரைந்த அதே கோட்டில் 2003-இல் மறுபடி வரைந்திருக்க வேண்டியதில்லை.

சைக்கிள் பந்தயம் பத்தி ஒண்ணும் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஒன்று மட்டும் தெரிந்தால் கடத்தல் காட்சி சட்டென்று விளங்கும். டூர் டி பிரான்ஸ் பல நாள் ஓடும் பந்தயம். மலைப் பகுதிகளில் பலர் முடியாமல் இறங்கிவிடுவார்கள். அவர்களை அள்ளிக்கொண்டு வர, எல்லோருக்கும் கடைசியில் ஒரு வண்டி வரும். 1910 முதல் இந்த ஏற்பாடு உண்டு. துடைப்ப வண்டி என்று அதற்குப் பெயர். பழைய நாளில் உண்மையிலேயே வண்டியில் ஒரு துடைப்பத்தைக் கட்டியிருப்பார்கள். களைத்தவன் யாராக இருந்தாலும் அந்த வண்டியில் ஏறத்தான் போகிறான். கடத்தல்காரர்கள் செய்வதெல்லாம் அந்த வண்டியைத் தங்கள் கைக்குள் கொண்டுவருவதுதான்.

பயிற்சிக் காட்சிகளையும் தவறவிடாதீர்கள். பேரனின் இறுகிப்போன தசைகளைப் பாட்டி தூசி உறிஞ்சியாலும் புல்வெட்டியாலும் தளர்த்துகிறாள். கோணிய சக்கரத்தை ஈஃபெல் கோபுரப் பொம்மையில் மாட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சுருதி கேட்டு நிமிர்த்துகிறாள். சக்கரத்தை இசைக்கருவி போல அவள் காதால் சரிபார்ப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பெல்வில்னா எந்த ஊர்? பாரிஸா, நியூயார்க்கா?

பாரிஸில் பெல்வில் என்றொரு பகுதி உண்டு. படத்தில் வருவது அது இல்லை. படத்தின் பெல்வில் கற்பனை ஊர். வானளாவிகள் நியூயார்க்கை நினைவூட்டும். ஆற்றோரத்துப் பெரிய விடுதிக் கட்டடம் கனடாவின் க்யூபெக் நகரத்து ஷாதோ ஃப்ரோந்தெனாக்கின் சாயல். மாண்ட்ரியலும் ஆங்காங்கே தலைகாட்டும். துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி நன்றாகச் சாப்பிட்டு ஊதியிருக்கிறாள்.

அமெரிக்கக்காரங்களை எல்லாம் குண்டா வரைஞ்சு கிண்டல் பண்றாரே, இது சரியா?

கிண்டல் ஒருபக்கமாகவே இருந்தால் தப்பு. இதில் பிரெஞ்சுக்காரர்களும் தப்பிக்கவில்லை. கடத்தல் கும்பல் பிரெஞ்சு மாஃபியா. தலைவன் சிவந்த மூக்கோடு ஒயினில் ஊறிக் கிடக்கிறவன். தவளை தின்பவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்களை உலகம் செய்யும் கேலியைச் சகோதரிகளின் சமையலறையில் எல்லை வரை இழுத்திருக்கிறார். உணவகத்துப் பரிமாறுபவன் குழைந்து குழைந்து முதுகே பின்னால் மடிந்துவிடும்.

ஆனாலும் பெல்வில் தெருக்களின் பருமன் நகைச்சுவை இந்தப் படத்திலேயே சோம்பலான நகைச்சுவை என்றுதான் சொல்வேன். ஒரு முறை சிரிக்கலாம், மூன்றாவது முறைக்கு அதில் சரக்கில்லை.

ஆட்களை ஏன் இவ்வளவு கோணல்மாணலா வரையணும்? அழகா வரையத் தெரியாதா?

நிறையப் பேர் கேட்டது இது. சாம்பியனுக்கு உடம்பு ஒட்டடைக்கம்பு, தொடை மட்டும் உலக்கை. அடியாட்கள் கறுப்புச் செவ்வகங்கள். இருவர் நெருங்கி நின்றால் தோளோடு தோள் ஒட்டி ஒரே சுவர். கப்பல்களோ அகலமே இல்லாமல் வானத்துக்கு நிமிர்ந்தவை. வசனம் இல்லாத படத்தில் ஒருவர் யார் என்பதை அவருடைய உருவமே சொல்லியாக வேண்டும். சாம்பியனின் வாழ்க்கையில் கால்களைத் தவிர வேறெதுவும் வளரவில்லை என்பதை அந்தத் தொடைகள் சொல்லிவிடுகின்றன.

இன்னொன்று, இவர்களுடைய நடையைப் பாருங்கள். சூசா பாட்டியின் ஒரு கால் குட்டை. அதற்காகத்தான் தடித்த செருப்பு. அவள் நடப்பதில் எப்போதும் ஒரு தாளம் இருக்கும். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிடுவாள், அவ்வளவுதான். முகத்தில் உணர்ச்சி பெரிதாக மாறாது. இருந்தும் அவள் கவலைப்படுகிறாளா, பிடிவாதம் பிடிக்கிறாளா என்று நமக்குத் தெரிகிறது. உடம்பை வைத்து நடிக்க வைக்கும் இந்த வித்தையில் ஷோமேக்கு நிகரானவர்கள் அவர் தலைமுறையில் குறைவு என்பது என் கட்சி.

கையால வரைஞ்சதா, கம்ப்யூட்டர்ல பண்ணதா?

இரண்டும். மனிதர்களும் நாயும் கையால் வரைந்தவை. கார், சைக்கிள், ரயில், கப்பல் போன்ற எந்திரங்களில் பெரும்பாலானவற்றைக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கி, கைவரைவோடு ஒட்டிப்போகும்படி பூசியிருக்கிறார்கள். சுழலும் சக்கரக் கம்பிகளைச் சட்டம் சட்டமாகக் கையால் வரைவது எவ்வளவு வேலை என்று யோசித்தால் காரணம் புரியும். கலை இயக்கம் எவ்கேனி தோமோவ். பழுப்பும் மஞ்சளும் கலந்த அந்த மங்கல் நிறம் படம் முழுக்க மாறாமல் இருக்கும். வேலைகள் மாண்ட்ரியல், பெல்ஜியம், லாத்வியாவின் ரிகா என்று பல ஊர்களில் பிரிந்து நடந்தன. கூட்டுத் தயாரிப்பு என்றால் காசு மட்டுமல்ல, கைகளும் நாலா பக்கமிருந்து வரும்.

அந்தப் பாட்டு தலைக்குள்ளயே சுத்துது. இசை யாரு?

மாண்ட்ரியல்காரரான பெனுவா ஷாரே. பாட்டின் வரிகள் ஷோமே எழுதியவை. பாடியவர் பெட்டி பொனிஃபாசி. பாட்டு ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனது. இசைக்காக ஷாரே பிரான்சின் சேசார் விருதும் பெற்றார். பிறகு இசைக்குழுவைக் கூட்டிக்கொண்டு, திரையில் படம் ஓட மேடையில் நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சிகளையும் நடத்தியிருக்கிறார்.

எனக்குப் பாட்டைவிடப் பிடித்தது மேடைக் கச்சேரி. சகோதரிகள் வீட்டில் சூசா பாட்டி தங்கும்போது, குளிர்பதனப் பெட்டியைத் திறக்கப் போனால் தடுப்பார்கள், செய்தித்தாளை எடுத்தால் பிடுங்குவார்கள், தூசி உறிஞ்சியைத் தொட்டால் முறைப்பார்கள். வயதான காலத்துக் கிறுக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பிறகு மேடையில் தெரியும், மூன்றும் அவர்களுடைய வாத்தியங்கள். பெட்டியின் தட்டுக் கம்பிகளை மீட்டுகிறாள் ஒருத்தி, தாளைக் கசக்கித் தாளம் போடுகிறாள் இன்னொருத்தி, தூசி உறிஞ்சியில் ராகம் பிடிக்கிறாள் மற்றவள். நான்காவதாகச் சூசா பாட்டி சைக்கிள் சக்கரத்தோடு உட்காருகிறாள். பயிற்சிக் காட்சி பற்றி முன்பு சொன்னதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கடல் கடக்கும் காட்சியில் ஜாஸ் நின்று மொஸார்ட் வருகிறார்: சி மைனர் பெரும் பூசையின் 'கிரியே'. ஓட்டை மிதிபடகில் ஒரு கிழவிக்குத் தேவாலய இசை! வேடிக்கைக்குச் சேர்த்தார்கள் என்று தொடங்கி, அலை எழும்போது நமக்கே தொண்டை அடைத்துவிடும்.

நாய் ஏன் எல்லா ரயிலையும் பார்த்துக் குரைக்குது? அந்தக் கனவெல்லாம் எதுக்கு?

குட்டியாக இருக்கும்போது சாம்பியனின் பொம்மை ரயில் ப்ரூனோவின் வாலில் ஏறிவிடும். சட்டென்று போய்விடும் காட்சி என்பதால் பலர் கவனிப்பதில்லை. பிறகு நிஜ ரயில் பாதையை வீட்டை உரசிக் கட்டிவிடுகிறார்கள். வீடே சாய்ந்து நிற்கிறது. கொழுத்துப்போன ப்ரூனோ ஒவ்வொரு ரயில் வரும்போதும் மாடிப்படி ஏறி, சன்னலில் நின்று, கடமையாகக் குரைத்துவிட்டு இறங்கும்.

கனவுகள் கறுப்பு வெள்ளையில் வரும். நாயின் உலகத்தில் ரயிலும் சோற்றுத் தட்டும்தான் பெரிய விஷயங்கள், கனவிலும் அவைதான். கதைக்கு அவை அவசியமா என்றால் இல்லை. ஆனால் ப்ரூனோவை அழகுக்காக வைத்த செல்லப் பிராணியாக விடாமல், அதற்கென்று ஒரு மனவாழ்க்கை கொடுத்திருக்கிறார்கள். பேசும் விலங்குகள் மலிந்த அனிமேஷனில் நாயை நாயாகவே விட்ட படம்.

ஆஸ்கர் கிடைச்சுதா இல்லையா?

இல்லை. 2004 விழாவில் இரண்டு பரிந்துரைகள். சிறந்த அனிமேஷன் படம் 'ஃபைண்டிங் நீமோ'வுக்கும், சிறந்த பாட்டு 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் பாகத்துக்கும் போயின. நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த அனிமேஷனாக இதைத் தேர்ந்தது. கனடாவின் ஜீனி விருதில் அனிமேஷன் என்ற தனிப் பிரிவில் ஒதுக்காமல், சிறந்த திரைப்படம் என்றே கொடுத்தார்கள்.

பாட்டி பேரன் மேல பாசம்னு சொல்றீங்க. அவனைப் போட்டு மாடு மாதிரி ஓட்டுறாளே? (முடிவுப் பகுதி வெளிப்படும்)

நியாயமான கேள்வி, இந்தப் படத்தைப் பற்றிக் கேட்கப்பட்டதில் சிறந்ததும் இதுதான். மழையில் மேட்டில் அவன் மிதிக்க, பின்னால் மூன்று சக்கர வண்டியில் விசில் ஊதிக்கொண்டே வருகிறாள். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, எடை, தசை பிசைதல், தூக்கம். அவன் சிரித்து நாம் பார்ப்பது சின்னப் பையனாக மூன்று சக்கர சைக்கிள் கிடைத்த நாளோடு சரி. பிறகு மாஃபியா அவனைக் கடத்தி என்ன செய்கிறது? அசையாத எந்திரத்தில் உட்காரவைத்து, எதிரே திரையில் சாலை ஓடவிட்டு, மிதிக்கச் சொல்லிச் சூதாடுகிறது. பாட்டி வீட்டிலும் மிதித்தான், இங்கேயும் மிதிக்கிறான். ஷோமே இரண்டையும் வேண்டுமென்றேதான் இவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறார்.

வேறுபாடு எங்கே என்றால், தளர்ந்து விழுந்தவனை என்ன செய்கிறார்கள் என்பதில். மாஃபியாவின் அரங்கில் விழுந்த ஓட்டக்காரன் சுடப்படுகிறான். குழந்தைகளுக்கு வேண்டாம் என்று சொன்ன காட்சி அதுதான். சூசா பாட்டியோ விழுந்தவனைத் தேடிக் கடலைத் தாண்டி வருகிறாள். அவனுக்குப் பிடித்தது இது ஒன்றுதான் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ஆனால் இந்தப் பதில் உங்களை முழுக்கச் சமாதானப்படுத்தவில்லை என்றால் எனக்கும் அப்படித்தான். மீட்பு நடக்கும்போதுகூட அவன் எந்திரத்தை விட்டு இறங்குவதில்லை. எந்திரத்தோடு பெயர்த்தெடுத்துத் தெருவில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள், அவன் திரையைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டே இருக்கிறான். துரத்தி வரும் கடைசிக் காரைப் பாட்டி நிறுத்துவது அந்தத் தடித்த செருப்பை நீட்டி.

கடைசியில அந்தக் கிழவன் யாரு? என்ன சொல்றான்? (முழு முடிவும் வெளிப்படும்)

படத்தின் தொடக்கத்தில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பாட்டி பேரனிடம் படம் முடிந்துவிட்டதா என்பது போலக் கேட்பாள், அவன் வாய் திறக்க மாட்டான். முடிவில் அதே வீட்டில், அதே இருக்கையில், வயதாகிப்போன சாம்பியன் இருக்கிறான். பக்கத்தில் பாட்டி இல்லை. முடிந்துவிட்டது பாட்டி, என்கிறான். அவள் கேட்டதற்கு அவ்வளவு காலம் கழித்து வரும் பதில்.

நடந்ததெல்லாம் அவன் தொலைக்காட்சியில் பார்த்த கற்பனையா என்று சிலர் இதை வைத்து வாதம் செய்வதுண்டு. அப்படிப் பார்க்கவும் இடமிருக்கிறது. எனக்கு அது தேவையில்லாத புத்திசாலித்தனமாகப் படுகிறது.

பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். மிதிபடகை வாடகைக்கு விட்டவர் ஞாபகமிருக்கிறதா? அவருக்கும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ழாக் தாத்திக்கும் இவருக்கும் என்ன உறவு? எல்லாரும் சேர்த்தே எழுதறாங்க.

ரத்த உறவு இல்லை. தாத்தி பிரெஞ்சு சினிமாவின் பெரிய நகைச்சுவைக் கலைஞர். பேச்சைக் குறைத்து, உடலையும் ஒலியையும் வைத்துச் சிரிக்க வைத்தவர். பெல்வில் படத்தில் சகோதரிகள் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பது தாத்தியின் 'ழூர் த ஃபேத்'. அதில் தாத்தி சைக்கிளில் சுற்றும் தபால்காரர் என்பதால் பொருத்தம் இரட்டிப்பு. சுவரில் தாத்தியின் இன்னொரு படமான 'முசியே ஊலோவின் விடுமுறை'யின் சுவரொட்டியும் தொங்கும்.

அந்தக் காட்சித் துண்டுக்கு அனுமதி கேட்டபோது, தாத்தியின் மகள் சோஃபி தாத்திஷெஃப், தந்தை 1950-களில் எழுதி எடுக்காமல் விட்ட திரைக்கதை ஒன்றைப் பற்றிச் சொன்னார். 2001-இல் சோஃபி காலமானார். அந்தத் திரைக்கதைதான் 2010-இல் ஷோமேயின் 'த இல்லூஷனிஸ்ட்' ஆனது. மவுசு போன மேடை மந்திரவாதியும், அவருடைய மந்திரத்தை நிஜம் என்று நம்பும் ஒரு சிறுமியும். தாத்தி பிராக் நகரத்தை நினைத்து எழுதியதை ஷோமே ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு மாற்றினார். அப்போது அவர் அங்கேதான் ஸ்டூடியோ வைத்திருந்தார். தாத்தியின் சாயலில் வரைந்த மந்திரவாதி அங்குள்ள கேமியோ திரையரங்குக்குள் தற்செயலாக நுழைய, திரையில் நிஜத் தாத்தியின் 'மோன் ஓன்கிள்' ஓடிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று போதும்.

அந்தப் படத்தையொட்டி ஒரு சச்சரவும் எழுந்தது. தாத்தி கைவிட்ட மூத்த மகளை நினைத்து எழுதப்பட்ட கதை அது, அந்த வரலாற்றைப் படம் மறைக்கிறது என்று அந்த மகள் வழிப் பேரன் பகிரங்கக் கடிதம் எழுதினார். படத்தைப் பார்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் சில காட்சிகள் வேறு மாதிரி கனக்கும்.

ஷோமே இன்னொருத்தர் பாணியைக் காப்பி அடிச்சாருன்னு படிச்சேன். நிஜமா?

குற்றச்சாட்டு உண்மையிலேயே வந்தது. காமிக்ஸில் கூட்டாளியாக இருந்தவர் என்று மேலே சொன்ன நிகோலா த க்ரேசிதான் 'கிழவியும் புறாக்களும்' படத்தின் பின்புலச் சித்திரங்களை வரைந்தவர். பெல்வில் படத்தில் தன் சித்திர உலகத்தின் சாயல் இருப்பதாக அவர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். 1990-களில் அவர் வரைந்த 'பிபெந்தும் செலெஸ்த்' புத்தகத்தைப் புரட்டினால் ஏன் என்று தெரியும். நியூயார்க்-சுர்-லுவார் என்ற கற்பனைப் பெருநகரம், பழுப்பேறிய வானம், விரிந்து பிதுங்கும் முகங்கள்.

சாயல் இருக்கிறது, எனக்குச் சந்தேகமில்லை. நகரத்தின் தோற்றத்தில் த க்ரேசிக்குக் கடன் அதிகம். ஆனால் படத்தின் அசைவும் நேரக்கணக்கும் நகைச்சுவையும் நடிப்பும் காகிதத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை அல்ல. பெயரைச் சொல்லிப் பெருமைப்படுத்தியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

இது பிடிச்சுது. அடுத்து எதைப் பார்க்கட்டும்?

முதலில் 'கிழவியும் புறாக்களும்'. அரை மணி நேரம்கூட இல்லை. அடுத்து 'த இல்லூஷனிஸ்ட்'. பெல்வில் வேகத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள், அது நிதானமான சோகப்படம். நடிகர்களை வைத்து எடுத்த 'அத்திலா மார்செல்' 2013-இல் வந்தது. ஷோமே ரசிகர்களுக்கு மட்டும் என்பேன். சின்ன வேலைகளும் நிறைய உண்டு: 2014-இல் 'த சிம்ப்சன்ஸ்' தொடரின் ஓர் அத்தியாயத்துக்குத் தொடக்கக் காட்சி, 2015-இல் பெல்ஜியப் பாடகர் ஸ்ட்ரோமேயின் 'கார்மென்' பாட்டுக்கு நீலக்குருவி வளர்ந்து ஆளையே விழுங்கும் காணொளி, 2024-இல் இரண்டாவது 'ஜோக்கர்' படத்தின் ஆரம்பக் கார்ட்டூன்.

முழுநீள அனிமேஷனுக்கு அவர் திரும்பியது 2025-இல், எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான மார்செல் பஞ்ஞோலின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தோடு. கான் விழாவில் திரையிட்டார்கள். அதில் பாத்திரங்கள் வாய் நிறையப் பேசுகிறார்கள்.